நீரிழிவு மருந்துகள்: எது எந்த வேலையைச் செய்கிறது?

ஒஸ்லோவில் வாழும் தென்னாசிய வம்சாவளியினரிடையே இரண்டாம் வகை நீரிழிவு, ஏனைய நோர்வே மக்களிடையே காணப்படுவதைவிடக் கணிசமாக அதிகம். ஒருவரே இரண்டு, மூன்று மருந்துகளை எடுப்பதும் வழமை. அவற்றுள் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடியது எது என அறிந்திருத்தல் அவசியம்.

குளிசைகள்

மெற்போமின் பெரும்பாலும் முதலில் வழங்கப்படும் குளிசையாகும். ஈரல் வெளியிடும் சர்க்கரையை இது குறைக்கிறது. வயிற்றுக் கோளாறு ஏற்படாதிருக்க உணவுடன் எடுப்பது நன்று.

கிளிமெபிரைட், கிளிபிசைட் ஆகியவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. உணவைத் தவிர்த்தாலும் இத்தூண்டல் நிற்பதில்லை. எனவே இவை சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடும்.

சிற்றாகிளிப்ரின், உணவுக்குப்பின் சர்க்கரை உயரும்போது இன்சுலின் சுரப்புக்குத் துணைசெய்கிறது. எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீருடன் வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பளிக்கின்றன.

மெற்போமினும் இவ்விரு வகைகளும் இன்சுலினோடோ கணையத்தைத் தூண்டும் குளிசையோடோ சேராதவரை, சர்க்கரையை மிகவும் தாழ்த்துவது அரிது.

ஊசி மருந்துகள்

விரைவாகச் செயற்படும் இன்சுலின் உணவுவேளைக்குரியது. சில நிமிடங்களில் வேலைசெய்யத் தொடங்கிச் சில மணித்தியாலங்களில் ஓய்ந்துவிடும். நீண்டநேர இன்சுலின்களுள் கிளார்ஜின் ஏறத்தாழ ஒரு நாளும், டெக்லுடெக் அதனிலும் கூடுதலாகவும் செயற்படும். இரண்டையும் மாற்றிப் போடுவது ஆபத்தானது. பேனாவின் நிறத்தையும் பெயரையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். செமாகுளூரைட் ஊசியாக வழங்கப்பட்டாலும் இன்சுலின் அன்று.

இன்சுலின் தொடங்குவது நோயின் இறுதிக்கட்டம் என்ற அச்சம் நம்மிடையே உண்டு. அது சரியன்று. காலப்போக்கில் கணையத்தின் சுரப்பு குறைவது இந்நோயின் இயல்பு. குறைந்ததை ஈடுசெய்வதே ஊசியின் பணி.

விரதமும் சுகவீனமும்

கந்தசஷ்டி போன்ற விரதங்களுக்கு முன்னரே குடும்ப வைத்தியரிடம் மருந்தளவைக் கேட்டறியுங்கள். வாந்தியோ வயிற்றோட்டமோ ஏற்பட்டு உடலில் நீர் குறையும்போது மெற்போமினையும் எம்பாகிளிஃப்ளோசின் வகையையும் தற்காலிகமாக நிறுத்த நேரலாம். ஆனால் உண்ணவில்லை என்பதற்காக நீண்டநேர இன்சுலினை நீங்களாகவே நிறுத்தலாகாது. மாலையிலும் வார இறுதியிலும் 116117 என்ற இலக்கத்தில் அவசர வைத்திய சேவையிடம் ஆலோசனை பெறலாம்.

சர்க்கரை தாழ்ந்தால்

நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் என்பன அறிகுறிகள். நோர்வேயில் அளவு மில்லிமோலில் தரப்படும். 4 மில்லிமோலுக்குக் குறைந்தால் தாழ்வு; இது மில்லிகிராம் கணக்கில் ஏறத்தாழ 72 ஆகும். உடனே 15 முதல் 20 கிராம் சீனியைக் கரைத்தோ, ஒரு குவளைப் பழச்சாறாகவோ அருந்தி, 15 நிமிடத்தின் பின் மீண்டும் அளந்து பாருங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 113ஐ அழையுங்கள். இத்தகைய மருந்தை எடுப்போர் வாகனம் ஓட்டுவதற்குச் சட்டத்தில் உடல்நல நிபந்தனைகள் உண்டு. வாடகைக்காரும் பேருந்தும் ஓட்டுவோருக்கு அவை மேலும் கடுமையானவை.

உங்கள் உரிமை

நோர்வே மொழி போதாதவருக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது சுகாதார சேவையின் பொறுப்பு; அதற்கு நோயாளர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம், பிள்ளைகளை மொழிபெயர்க்கப் பயன்படுத்துவதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. பத்து அலகா இருபது அலகா என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் சுமத்தலாகாது. நேரம் பதியும்போதே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

நீரிழிவு மருந்துகள் பொதுவாக 'புளோ ரெசெப்ட்' எனும் நீலச் சீட்டில் வழங்கப்படுகின்றன. சிலவற்றுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. அடுத்த முறை மருந்தகத்துக்குச் செல்கையில் உங்கள் மருந்துகள் அனைத்தையும் எடுத்துச்சென்று, ஒவ்வொன்றையும் காட்டிக் கேளுங்கள்: "கான் டெட்டெ யீ லாவ்ட் புளூசுக்கெர்?" இது சர்க்கரையைத் தாழ்த்துமா என்பதே அதன் பொருள். கிடைக்கும் விடையைப் பெட்டியின் மேல் தமிழில் எழுதிவையுங்கள்.