மாடும் மனிதரும் ஒரே கூரையின் கீழ்

அம்பாள் தரிசனத்திற்கு ஹம் நகருக்கு வரும் அடியார்கள், வழியில் வயல்களின் நடுவே மரச்சட்டம் போட்ட மிகப் பெரிய பழைய வீடுகளைக் கண்டிருப்பார்கள். வடஜேர்மனியக் கமக்காரரின் இவ்வீட்டை 'ஹாலன்ஹவுஸ்' என்பர்.

முகப்பிலுள்ள பெரிய கதவால் தானியம் ஏற்றிய வண்டி அப்படியே உள்ளே வரும். உள்ளே நீண்ட கூடம். அதன் பெயர் 'டீலே'. கதிர் அடித்ததும் கல்யாண விருந்து வைத்ததும் இங்கேதான். இருபுறமும் மாடுகளும் குதிரைகளும் நிற்கும். கூடத்தின் முடிவில் அடுப்பு, அதற்கும் பின்னால் மனிதரின் அறைகள். பரணில் வைக்கோலும் தானியமும். இத்தனை பாரத்தையும் தாங்குவது சுவரல்ல, ஓக் மரத் தூண்கள். பழைய வகையில் தூண்கள் இரண்டு வரிசை, பின்னர் வந்ததில் நான்கு. சுவரோ தடிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண் பூசியது. எமது ஊர் மண்சுவரை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இவ்வீடுகளுக்கு நெடுங்காலம் புகைபோக்கியே இல்லை. புகை கூரைவரை எழுந்து தானியத்தை உலர்த்தியது. மரத்தைப் பூச்சியிலிருந்து காத்தது. தொங்கவிட்ட இறைச்சியையும் பதப்படுத்தியது. கண் எரிச்சலைப் பெண்கள்தான் தாங்கினார்கள்! அடுப்படியில் இருந்தபடியே வீட்டுக்காரி பிள்ளைகள், வேலையாட்கள், மாடுகள் அனைத்தையும் கவனிக்கலாம் என்று 18ஆம் நூற்றாண்டில் ஒஸ்னாபுரூக் அறிஞர் யுஸ்டுஸ் மோசர் வியந்து எழுதினார்.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் நடுவே திறந்த முற்றம். வெயிலும் மழையும் உள்ளே வரும். மாட்டுக்கொட்டில் தனியே இருக்கும். இங்கே குளிர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. மாட்டின் உடற்சூடும் வீட்டுக்குத் தேவைப்பட்டது.

பெரிய கதவின் மேலுள்ள உத்தரத்தைப் பாருங்கள். கட்டிய ஆண்டு, ஒரு பிரார்த்தனை, கணவன் மனைவி பெயர்கள் செதுக்கியிருக்கும். மனைவியின் பிறந்த குடும்பப் பெயரும் பல வீடுகளில் உண்டு.

குளொப்பன்பேர்க்கில் 1934இல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இத்தகைய வீடுகள் உள்ளன. ஊரில் பிரித்து, மரங்களுக்கு இலக்கமிட்டு, இங்கே மறுபடி பொருத்தினார்கள். அவற்றுள் குவாட்மன் வீடு 1962இல் எரிந்தது, மீண்டும் கட்டினார்கள்.

எமது நாற்சார் வீடுகள் பல போரில் இடிந்தன. அவற்றின் மரங்களுக்கு எவரும் இலக்கமிடவில்லை. அளவுகள் இன்று அம்மம்மா, அப்பப்பாமாரின் நினைவில்தான் உள்ளன. பிள்ளைகளே, இந்த விடுமுறையில் அவர்களிடம் கேட்டு உங்கள் ஊர் வீட்டின் படத்தை வரையுங்கள்: முற்றம், அடுக்களை, சாமி அறை, கிணறு, எது எந்தத் திசையில் என்று. படத்தின் மேலே கட்டியவர்களின் பெயரை எழுதுங்கள், பூட்டியின் பெயரையும் சேர்த்து.