எக்சிமாவும் பத்தியமும்: இளம் உணவியலாளர் ஒருவருக்குக் கடிதம்

எக்சிமா உள்ள பல குழந்தைகளுக்குத் தோலின் மேலடுக்கிலேயே குறை இருக்கிறது. ஈரத்தை உள்ளே நிறுத்த உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதம் போதிய அளவு உருவாவதில்லை. இதற்குக் காரணமான மரபணு மாற்றங்களுக்கும் எக்சிமாவுக்கும் உள்ள தொடர்பு 2006-இல் தெரியவந்தது. ஈரம் வற்றுகிறது, சோப்பும் தூசியும் உள்ளே புகுகின்றன, அரிக்கிறது, சொறியச் சொறியப் புண்ணாகிறது. இதில் உணவுக்கும் பங்கு உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை. மிதமான அல்லது கடுமையான எக்சிமா உள்ள சிறு குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமையும் சேர்ந்திருக்கிறது. லேசான எக்சிமாவில் அது குறைவு, பெரியவர்களிடம் அரிது.

தமிழ்நாட்டில் ஒரு குடும்பம் உணவியலாளரிடம் வந்து சேர்வதற்குள் தட்டில் பாதி காலியாகியிருக்கும். கத்தரிக்காய், கருவாடு, மீன், முட்டை, வேர்க்கடலை என ஒவ்வொன்றும் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கப்பட்டிருக்கும். பால் கொடுக்கும் தாயும் ரசஞ்சோற்றில் நாளைக் கடத்திக்கொண்டிருப்பார். அக்கறையால் வந்த பத்தியம் இது; பழிக்கக்கூடாது. ஆனால் அதன் விலையை அளந்தாக வேண்டும். எடை, உயரம், வளர்ச்சி வரைபடம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே உணவுப் பேச்சு. எது, எப்போது, யார் சொல்லி நிறுத்தப்பட்டது என்ற பட்டியல் அடுத்தது. அதில் பெரும்பாலானவை காரணமின்றி நிறுத்தப்பட்டவையாக இருக்கும்.

தோல் மருத்துவம் சரியாக நடக்கிறதா என்ற கேள்வி அதற்கும் முந்தியது. குளித்ததும் ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவப்படுகிறதா, ஒரு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை செலவாகிறதா, மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பு பயத்தால் அலமாரியிலேயே கிடக்கிறதா? தோல் ஆறாமல் இருக்கும்போது எந்த உணவை நிறுத்திப் பார்த்தாலும் விளங்கப் போவதில்லை. எக்சிமா தானாகவே ஏறி இறங்கும் நோய். அது இறங்கும் வாரத்தில் நிறுத்திய உணவு குற்றவாளி ஆகிவிடும்.

நேரத்தைக் கேட்டால் பாதி விடை கிடைக்கும். முட்டை தின்ற சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்குவது, தடிப்பு எழும்புவது, வாந்தி வருவது உடனடி ஒவ்வாமை. மூச்சுத்திணறலும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய அவசரம். ஓரிரு நாள் கழித்து எக்சிமா மட்டும் சிவந்து எழுவது வேறு வகை. உணவுக் குறிப்பேடு இல்லாமல் அதைப் பிடிப்பது கடினம். தக்காளி ரசம் வழிந்த வாயைச் சுற்றி மட்டும் சிவக்கிறதென்றால் அது பெரும்பாலும் புளிப்பின் எரிச்சல்தான். ஊட்டுமுன் அங்கே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும், தக்காளியை விலக்க வேண்டாம்.

தோல் குத்துச் சோதனையும் ஐஜிஇ ரத்தப் பரிசோதனையும் உடலின் சாய்வைக் காட்டுமே தவிர, தின்றால் என்ன ஆகும் என்பதை உறுதியாகச் சொல்லாது. நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு மொத்தமாக எடுக்கப்படும் ஐஜிஜி பரிசோதனையை நம்பி ஒரு கவளத்தைக்கூட நிறுத்தக் கூடாது. அது அந்த உணவு பழக்கமானது என்பதைத்தான் காட்டுகிறது.

சந்தேகம் வலுவாக இருந்தால் மருத்துவருடன் பேசி, ஒரே ஓர் உணவை நான்கு முதல் ஆறு வாரம் நிறுத்தலாம். திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான் இதன் சோதனை. தோல் தெளிந்த மகிழ்ச்சியில் அதைக் கைவிடுவது பெரிய தவறு. நெடுநாள் விலக்கிய உணவைத் திடீரெனக் கொடுத்தபோது முன்பு இல்லாத கடும் ஒவ்வாமை வந்த குழந்தைகள் உண்டு. ஆபத்துக்கு வாய்ப்பிருந்தால் மறுஅறிமுகம் மருத்துவமனையில்தான் நடக்கவேண்டும்.

பசும்பால் ஒவ்வாத குழந்தைக்கு ஆட்டுப்பால் மாற்றாகாது. புரதங்கள் மிகவும் ஒத்தவை. பாலுக்குப் பதில் அரிசிக் கஞ்சியே கதியென்று வளர்ந்து, கால் வீங்கிப் புரதக் குறைபாட்டுக்கு ஆளான குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவுசெய்திருக்கின்றன. ஒன்றை நிறுத்தும் அதே சீட்டில் அதற்கு ஈடானதையும் எழுதவேண்டும்: சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, புரதத்துக்குப் பருப்பு, ஒத்துக்கொண்டால் முள்ளோடு நெத்திலி.

விலக்கினால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையை அசைத்தது லண்டனைச் சேர்ந்த கிடியான் லாக் குழுவினர் 2015-இல் வெளியிட்ட லீப் ஆய்வு. கடும் எக்சிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளில் ஒரு பகுதியினர் வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து தின்றார்கள், மற்றவர்கள் தவிர்த்தார்கள். ஐந்து வயதில் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கும் தின்றவர்களில் 3.2 சதவீதம் பேருக்கும் கடலை ஒவ்வாமை இருந்தது. வாய்வழி சேரும் உணவை உடல் பழகிக்கொள்கிறது, புண்பட்ட தோல்வழி நுழைவதைப் பகையாகக் கொள்கிறது என்பது லாக்கின் விளக்கம். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் இரண்டாயிரம் பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்தது இதற்குச் சான்று. ஆகவே எக்சிமா வெடித்த தோலில் கடலை மாவும் பயத்தமாவும் தேய்த்துக் குளிப்பாட்டுவதை நிறுத்தச் சொல்லவேண்டும். வேர்க்கடலையைக் குழந்தைக்கு முழுதாகத் தரக்கூடாது, புரையேறும். அரைத்துக் கூழில் கலக்கலாம். கடும் எக்சிமா இருந்தால் முதலில் பரிசோதனை.

ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெயும் புரோபயாட்டிக் பொட்டலங்களும் எக்சிமாவைக் குறைப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை. அந்தப் பணம் மாய்ஸ்சரைசருக்குப் போகட்டும். தாய்க்குப் பொதுவான பத்தியம் வேண்டியதில்லை. பாலும் முட்டையும் ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோர் வளர வளர அவற்றை ஏற்றுக்கொள்கிறார்கள். அதனால் விலக்குப் பட்டியல் ஒவ்வொன்றிலும் மறுபரிசீலனைக்கான தேதி இருக்கவேண்டும், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து.