உணவுக்குப் பின் பத்து நிமிட நடை

நீரிழிவு நகரவாசிகளின் நோய் என்று கருதப்பட்ட காலம் ஒன்று உண்டு. இன்று அந்நிலை இல்லை. 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அதன் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கும் அதிகம். உழவுக்கும் அறுவடைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. வயலுக்கும் கடைத்தெருவுக்கும் மோட்டார் சைக்கிளில் செல்கிறோம். உண்ணும் சோறு மட்டும் குறையவில்லை.

நடை என்ன செய்கிறது?

உண்ட சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதைத் தசைகளுக்குள் செலுத்துவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். வாய்க்கால் நிறைந்திருந்தும் மடை திறவாவிடில் நீர் வயலுக்குப் பாயாது, கரையைத்தான் உடைக்கும். நீரிழிவில் நேர்வதும் இதுவே. இன்சுலின் போதாமலோ, சரிவர வேலை செய்யாமலோ போவதால் சர்க்கரை இரத்தத்தில் தேங்கிக் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது.

ஆனால், உழைக்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. உடலின் பெருந்தசைகள் தொடையிலும் காலிலும் உள்ளன. ஆகவே, நடப்பது இரண்டாவது மடையைத் திறப்பதற்கு ஒப்பாகும். இதன் பயன் ஓரிரு நாட்களே நீடிக்குமாதலால், தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் நடையை விடலாகாது.

எப்போது நடப்பது?

உணவுக்குப் பின் ஓரிரு மணி நேரத்திலேயே சர்க்கரை உச்சத்தை எட்டுகிறது. நியூசிலாந்தில் நீரிழிவு கண்ட 41 பேரிடம் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. நாளொன்றுக்கு ஒரே தடவை 30 நிமிடம் நடந்ததைவிட, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்திய சர்க்கரை 12 சதவீதம் குறைந்தது. இரவு உணவுக்குப் பின் 22 சதவீதம் குறைந்தது. உண்டதும் பாயை விரிக்கும் நமக்கு இது நல்ல பாடம்.

“நாள் முழுதும் வயலில் நிற்கிறோமே, தனியே நடை எதற்கு?” என்று கேட்போர் உண்டு. வயல் வேலையும் பயிற்சியே. ஆனால், அது பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது. சோறோ நாள்தோறும் உண்பது.

கவனிக்க வேண்டியவை

மருந்தை நிறுத்திவிட்டு நடையை மட்டும் நம்புதல் தவறு. இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும், சில வகை மாத்திரை உண்போருக்கும் நடக்கையில் சர்க்கரை மிகக் குறைந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் உடனே அமர்ந்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் பருக வேண்டும். தனியே செல்வோர் மடியில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் வைத்திருப்பது நலம்.

உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. கவனிக்காத சிறு புண் காலையே இழக்கச் செய்யலாம். ஆகவே வெறுங்காலுடன் நடக்கலாகாது; திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்து, அடிப்பாகத்தையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். ஆறாத புண் உள்ளவர்களும், நடக்கையில் மார்பு வலி காண்பவர்களும் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாட வேண்டும்.

ஊராட்சியின் பங்கு

இரவில் நடக்கச் சொல்வது எளிது. பள்ளமும் பாம்பும் உள்ள இருண்ட தெருவில் யார் நடப்பார்? பெண்கள் எவ்வாறு வெளிவருவார்கள்? 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், சாலைகளைப் பேணுவதையும் விளக்கு அமைப்பதையும் ஊராட்சியின் கடமையாக வைத்திருக்கிறது. ஊரில் ஏதேனும் ஒரு தெருவையாவது பள்ளம் மூடி, புதர் நீக்கி, விளக்கெரியச் செய்து நடைக்கு உகந்ததாக்குவோம். அதற்கு ஆகும் செலவு சிறிது. அதனால் காக்கப்படும் கால்களோ நம் வயல்களை உழுத கால்கள்.