பள்ளியில் பயிலும் கல்லூரிப் பாடம்

கல்லூரிப் பாடம் கல்லூரியில்தான் தொடங்கவேண்டும் என்பது மாறா விதியன்று. நம் தமிழ்நாட்டிலேயே பி.யூ.சி. என்ற பெயரில் கல்லூரியில் இருந்த படிப்பு, 1978-இல் மேல்நிலைப் பள்ளிக்குப் பெயர்ந்தது. ஆயின், அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிகழ்ந்தது வேறு. அங்குப் படிப்பு இடம் மாறவில்லை. விரும்பிய மாணாக்கர் மட்டும் பள்ளியில் இருந்தவாறே கல்லூரி முதலாண்டுப் பாடத்தைக் கற்கலாயினர்.

'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' எனப்படும் இம்முறை, 1951-இல் ஃபோர்டு அறநிலையத்தின் பொருளுதவியோடு எழுந்த ஆய்வுகளில் முளைத்தது. சிறந்த பள்ளிகளில் பயின்றோர் கல்லூரியில் கற்றதையே மீண்டும் கற்கின்றனர் என்பதே அன்றைய குறை. 1955-இல் இம்முறை 'காலேஜ் போர்டு' என்னும் அமைப்பின் பொறுப்பில் வந்தது. இன்றும் தேர்வு மே மாதத்தில் நடைபெறுகிறது. மதிப்பெண் ஒன்று முதல் ஐந்து வரை.

நுண்கணிதத்தை எடுத்துக்கொள்வோம். இதில் 'ஏ.பி.', 'பி.சி.' என இரு தேர்வுகள் உள. முடிவிலாத் தொடர்கள் பின்னதில்தான் வரும். பி.சி.யில் ஐந்து பெற்றவருக்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் முதற்பருவ நுண்கணிதத்தைக் கற்றதாகவே கொள்கிறது. கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகமோ இம்மதிப்பெண்ணைக் கணக்கில் வரவு வைப்பதில்லை. தானே சோதித்த பின்னரே மாணாக்கரை மேல்வகுப்பில் அமர்த்துகிறது. பின்னதே எனக்கு உவப்பான வழி. வகைக்கெழு காணும் சூத்திரங்களை ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடலாம்; எல்லை என்னும் கருத்து மனத்தில் ஊன்ற ஆண்டுகள் வேண்டும்.

இதற்குச் சான்று கிழக்கு லாஸ் ஏஞ்சல்சின் கார்ஃபீல்டு பள்ளி. பெரும்பாலும் ஏழை மெக்சிகக் குடும்பத்துப் பிள்ளைகள் பயின்ற பள்ளி அது. பொலிவியாவிலிருந்து குடியேறிய ஹைமே எஸ்கலான்டே அங்கு நுண்கணிதம் கற்பித்தார். 1982-இல் அவர் மாணாக்கர் 18 பேர் தேறினர். விடைகள் ஒத்திருந்தன என்று தேர்வு நடத்தியோர் 14 பேர்மீது ஐயுற்றனர். மறுதேர்வு எழுதிய 12 பேரும் தேறினர்! ஏழைப் பிள்ளைகள் என்பதால்தான் ஐயம் எழுந்ததோ என அன்று பலர் கேட்டனர். கேட்கத் தக்க கேள்விதான்.

1988-இல் வந்த 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' திரைப்படம் இவ்வெற்றியை மிகக் குறுகிய காலத்து அற்புதம்போற் காட்டிவிட்டது. உண்மையில் அடி வகுப்புகளில் இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் சீர்செய்து, கோடை விடுமுறையிலும் வகுப்பு நடத்திப் பல்லாண்டு உழைத்த பயன் அது. கூரையைப் பார்த்தோர் பலர்; கடைக்காலைப் பார்த்தோர் சிலரே.

நம்முள் சிலர் மேற்படிப்புக்கு அந்நாடு சென்று, முதலாண்டு வகுப்புகளில் உதவியாசிரியராய் நிற்கக்கூடும். பி.சி.யில் ஐந்து பெற்றவரும், நுண்கணிதத்தின் பெயரை மட்டும் கேட்டவரும் அங்கு ஒரே வரிசையில் அமர்ந்திருப்பர். முதல் நாளில் வகைக்கெழுக் கணக்கைக் கொடுத்தால் முன்னவர் நொடியில் முடித்துவிடுவார். எல்லை என்றால் என்னவென்று இருவரையும் சொந்தச் சொற்களில் எழுதச் சொல்லுங்கள்.