உயரம் மட்டும் போதுமா?



கோவையில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸில் முதல் சுற்றை வென்றவர். அதைப் படித்ததும் எனக்கும் ஆசை வந்தது. "நீ குள்ளம், உனக்கு எதுக்குடி டென்னிஸ்?"னு சிரிச்சாங்க. அழுகையே வந்துடுச்சு. பிறகு தேடிப் படித்தேன்.

உயரம் உதவும், உண்மைதான். வலையின் நடு உயரம் 91.4 செ.மீ. உயரமானவர் போடும் சர்வீஸ் மேலிருந்து இறங்குவதால், வலையில் படாமல் வேகமாகப் போகும். 188 செ.மீ. உயரமுள்ள மரியா ஷரபோவா 2004-ல், 17 வயதில் விம்பிள்டனை வென்றார். ஆனால் 2021-ல் அதே விம்பிள்டனை வென்ற ஆஷ்லி பார்ட்டியின் உயரம் 166 செ.மீ.தான்!

எப்படி? கால் வேகம், உடல் சமநிலை, கண்ணும் கையும் சேர்ந்து இயங்குவது. எதிராளி அடிக்கும் நொடியில் ஒரு சின்னத் துள்ளல் போட்டால், எந்தப் பக்கமும் உடனே ஓடலாம். இவையெல்லாம் பயிற்சியால் வளரும்.

சோதித்துப் பாருங்கள்! ஸ்கேலின் 0 அருகே இரு விரலை வைத்துக்கொள்ளுங்கள். தோழி சொல்லாமல் விட்டதும் பிடியுங்கள். 20 செ.மீ.யில் பிடித்தால் சுமார் 0.2 விநாடி. நான் முதலில் 24-ல் பிடித்தேன். ஒரு மாதப் பயிற்சிக்குப் பின் 18!

நம்மிடம் டென்னிகாய்ட் வளையம்தான் இருக்கு. பரவாயில்லை, அதற்கும் அதே கால், அதே கண்தான். அடுத்த வாரம் அணித் தேர்வு. நானும் பேர் கொடுத்துட்டேன். கொல்லிமலை அடிவாரத்துப் பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லித் தரணுமா என்ன? நீங்களும் வாங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி, பேளுக்குறிச்சி