கண்ணாடித் தொட்டியில் ஓர் அமானிதம்

வீட்டில் வண்ண மீன் வளர்ப்பது கூடுமா என்று கேட்போர் பலர். கூடும். சிறுவர் அபூஉமைர் ஒரு சிட்டுப் பறவையை வளர்த்து வந்தார். அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அப்பிள்ளையிடம் அன்போடு விசாரித்தார்கள் என்று ஹதீஸில் காண்கிறோம். துன்புறுத்தாமல் உயிர்களை வளர்க்கலாம் என்பதற்கு மார்க்க அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவர். ஆனால், பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்ட பெண் வேதனைக்கு ஆளானாள் என்ற எச்சரிக்கையும் நமக்கு வந்துள்ளது. எனவே "கூடுமா?" என்பதோடு "சரியாகப் பேண நம்மால் முடியுமா?" என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சண்டைக் குணமுள்ள சிக்லிட் மீன்களின் விஷயத்தில் இந்த இரண்டாவது கேள்வியே முக்கியமானது.

சிக்லிட் என்பது ஒரு மீன் குடும்பத்தின் பெயர். நமக்குப் பழக்கமான ஜிலேபி கெண்டை இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆப்பிரிக்காவுக்குரிய அது 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வண்ண மீன் கடைகளில் விற்கும் ஆஸ்கார், தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதிக்குரியது. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இன்னொரு மீனுக்கு, குத்துச்சண்டை வீரர் ஜாக் டெம்ப்சியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இவை ஏன் சண்டையிடுகின்றன? தமக்கென ஓர் இடம் பிடித்து வாழ்வது இவற்றின் இயல்பு. பல இனங்களில் தாயும் தந்தையும் சேர்ந்தே முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். ஜிலேபி கெண்டையின் தாய், முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். நாம் மூர்க்கம் என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் காவல் குணந்தான். ஆற்றில் தோற்ற மீன் ஓடிவிடும்; வென்ற மீனும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். தொட்டியில் ஓட வழியில்லை. அதனால் தோற்ற மீன் சாகும்வரை அடிபடுகிறது. வழியை அடைத்தவர்கள் நாமல்லவா?

ஆகவே வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. இடம்: கடையில் 2 அங்குலமாக இருக்கும் ஆஸ்கார், நன்கு வளர்ந்தால் ஓரடி நீளம் வரும், 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஒரே ஓர் ஆஸ்காருக்கு 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டியாவது வேண்டும். இதில் ஏறக்குறைய 255 லிட்டர் தண்ணீர் கொள்ளும். அத்தனை கிலோ எடையைத் தாங்கும் மேசையும் தேவை.

2. தண்ணீர்: மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா ஒரு நஞ்சு. அதை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் சிறிது தீனி மட்டும் போட்டு வரவேண்டும். மீன் விட்டபின் வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தபின் ஊற்றுங்கள். எடுத்த தண்ணீரை வீணாக்காமல் செடிகளுக்கு விடலாம். அது நல்ல உரம்.

3. துணை: இடம் குறைவாயின் ஒரு மீனே போதும். கூட்டாக வளர்த்தால் கற்களையும், இருபுறமும் திறந்த மண் குழாய்களையும் வைத்து மறைவிடம் அமையுங்கள். புதிய மீனை விடுமுன் கற்களை இடம் மாற்றிவிட்டால் பழைய மீனின் எல்லை கலைந்துவிடும். துடுப்பு கிழிந்து, நிறம் மங்கி, தீனி எடுக்காமல் ஒரு மூலையில் மீன் ஒதுங்கினால் உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றிருந்தால் அது உயிரோடிருக்காது.

4. கைவிடுதல்: வளர்க்க முடியாதபோது குளத்திலோ ஏரியிலோ விடுவது தர்மமன்று. அந்நிய மீன்கள் பெருகினால் நம் நாட்டு மீன்கள் நலியும். ஜிலேபி கெண்டையே இதற்குச் சாட்சி. கடைக்காரரிடமோ, வளர்க்கத் தெரிந்தவரிடமோ கொடுத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு தவறுகள் உண்டு. ஒன்று, வேடிக்கைக்காகச் சண்டை மூட்டுவது. உயிருள்ள சிறு மீன்களைப் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டி மகிழ்வதும் இதைச் சேர்ந்ததே. பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதற்கு ஹதீஸில் தடை வந்துள்ளது. உருண்டைத் தீனி கடையில் கிடைக்கும்போது இந்த வேடிக்கைக்கு அவசியமும் இல்லை. மற்றொன்று, பிளவர்ஹார்ன் மீனை 'வாஸ்து மீன்' என்று வாங்குவது. அது 1990-களில் மலேசியாவில் மனிதர் கலப்பினமாக உருவாக்கிய மீன். அதன் நெற்றிப் புடைப்பும் கறுப்புப் புள்ளிகளும் செல்வம் தரும் என்று நம்புவது ஈமானுக்கு ஊறு செய்யும். அழகுக்காக வளர்க்கலாம், பரக்கத்தை அல்லாஹ்விடமே கேட்க வேண்டும்.

பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் பொறுப்பில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்பேசா ஜீவனிடம் இரக்கம் காட்ட அவர்கள் அங்கே பழகுவார்கள். நம் கையில் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வோர் உயிரையும் முறையாகப் பேண வல்ல அல்லாஹ் நமக்குத் துணை புரிவானாக! ஆமீன்.