கோடு வந்ததும் கையை நீட்டாதே

டிரையர் பழுதுபார்க்கும் வேலைக்கு வந்திருக்கிறாய், தம்பி. வட அமெரிக்க வீடுகளில் நெடுங்காலம் இந்த இயந்திரங்களோடு பழகியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. திரையில் வரும் எரர் கோடு பழுதின் பெயர் அல்ல. கட்டுப்பாட்டு போர்டுக்கு எட்டிய சேதி மட்டுமே. வெப்ப சென்சார் கோளாறு என்று வந்தால், அந்தச் சுற்றில் எதிர்பார்த்த மின்தடை கிடைக்கவில்லை என்று பொருள். சென்சார் கெட்டிருக்கலாம், கனெக்டர் தளர்ந்திருக்கலாம், கம்பியும் அறுந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அளந்து பார். பல மாடல்களில் 25 டிகிரி செல்சியஸில் 10 கிலோ ஓம் அளவில் இருக்கும். சூடு ஏற ஏற இறங்கும். சென்சாரில் சரியாக இருந்து, போர்டு முனையில் அந்த அளவு வராவிட்டால், பழுது நடுவில்தான். ஒரு வீட்டில் எனக்கு முன்னால் வந்தவர்கள் சென்சாரையும் மாற்றி, போர்டையும் மாற்றியிருந்தார்கள். தகட்டு விளிம்பில் உரசி உரசி அறுந்துபோன கம்பியை ஒருவரும் பார்க்கவில்லை. அந்த வீட்டு அம்மா அதுவரை கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அவசரக்காரன் கையில் நல்ல போர்டும் குப்பைக்குப் போகும்.

2. இயந்திரத்தைத் திறக்குமுன் பிரேக்கர் பெட்டியைப் பார். மின்சார டிரையருக்கு 240 வோல்ட் வேண்டும்; இரண்டு 120 வோல்ட் லைன்கள் சேர்ந்து அதைத் தருகின்றன. ஒன்று போனாலும் பல நேரம் டிரம் சுற்றும், விளக்கு எரியும், சூடு மட்டும் வராது. பழியெல்லாம் ஹீட்டர் மேல் விழும். மின்சாரம் ஓடும் முனைகளில் மூத்தவர் துணையில்லாமல் மீட்டரை வைக்காதே. தைரியத்தைக் காட்டும் இடம் அது இல்லை.

3. காற்றுப் பாதையை ஒருபோதும் அலட்சியம் செய்யாதே. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், பனி கொட்டினாலும் முதலில் வீட்டுக்கு வெளியே போய், காற்று வெளியேறும் மூடியில் கையை வைத்துப் பார்ப்பார். அதன்பிறகுதான் இயந்திரத்தின் பக்கம் வருவார். குழாயில் பஞ்சு அடைத்தால் சூடு உள்ளேயே தேங்கி, தெர்மல் ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸை மட்டும் மாற்றினால் அதுவும் போகும். சுவரோடு தள்ளி வைத்ததில் குழாய் நசுங்கியும் இருக்கலாம்; இழுத்துப் பார். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான நிலவரத்தை ஆராய்ந்து, அங்கே ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் என்று கணித்தது. முதல் காரணம், சுத்தம் செய்யாமை. குழந்தைகள் தூங்கும் வீடு அது, தம்பி. உனக்குக் கூலி வராத வேலையானாலும் அந்தப் பஞ்சை எடுத்துவிட்டு வா.

4. துணி ஈரமாக இருக்கும்போதே நின்றுவிட்டால், டிரம்முக்குள் இருக்கும் ஈரப்பத சென்சார் பட்டைகளைத் துடை. வாசனைத் தாள்களின் பூச்சு படிந்திருக்கும்.

5. தெரியாததற்குப் போர்டைக் குற்றம் சொல்லாதே. “இன்னும் கண்டுபிடிக்கவில்லை, நாளை வருகிறேன்” என்று சொல், மரியாதை குறையாது. எப்போது தொடங்கியது, அதற்குமுன் எதையாவது நகர்த்தினீர்களா என்று வீட்டாரைக் கேள். கோடு அழிந்ததும் பையைக் கட்டிவிடாதே. ஈரத் துணி போட்டு ஒரு சுற்று முழுவதும் ஓடவிட்டு, அதன்பிறகு பில்லை எழுது.